கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள்

1980 நவம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கணக்கு எழுதும் கர்ணம், வரி வசூலிக்கும் மணியக்காரர் ஆகிய பதவிகள் ஒழிக்கப்பட்டன. பகுதிநேரக் கிராம அலுவலர் முறை காலத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அது முழுச் சட்டமானது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சில தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் பரணிலும் பெட்டியிலும் கிடந்த ஊர்க்கணக்கு அதோடு அரசு ஊழியரின் அலமாரிக்குப் போனது. எந்தப் புல எண்ணில் யார் பயிர் செய்கிறார், எது நஞ்சை, எது புஞ்சை, புறம்போக்கில் யாருடைய வேலி எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது, எந்த ஆண்டு பயிர் சாவியாயிற்று என்று சொல்லி வஜா (வரித் தள்ளுபடி) கேட்கலாம் என்பதெல்லாம் அதுவரை கர்ணத்துக்குத் தெரிந்திருந்தது. ஊரில் பலருக்குத் தெரியாது. தாசில்தாருக்கு அறவே தெரியாது. கர்ணத்தின் அதிகாரம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருந்தது. கர்ணம் போனபின் அந்த இடைவெளி மூடியதா என்று கேட்டால், அரசாங்க ஊழலை எதிர்க்க நிபுணர்களை நம்பும் நீண்ட வரலாறு முழுவதையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊழலுக்கு மருந்தாக அரசுகள் திரும்பத் திரும்ப ஒன்றையே செய்திருக்கின்றன. கணக்குத் தெரிந்த ஒருவன் திருடுகிறான் என்றால், அவனைவிடக் கணக்குத் தெரிந்த இன்னொருவனை அவன் தலைக்கு மேல் உட்கார வைப்பது. அர்த்தசாஸ்திரம் அரசு வருவாயைக் களவாடும் வழிகள் 40 என்று பட்டியல் போடுகிறது. வந்ததை வரவில்லை என்று எழுதுவது, பின்னால் வந்ததை முன்னால் வந்ததாகக் காட்டுவது, அளவையிலும் நிறுவையிலும் விளையாடுவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதை எழுதியவர் கருவூல வேலையை உள்ளிருந்து அறிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அத்தனை திருட்டையும் அறிந்த அந்த நிபுணரே, சந்தேகத்துக்குள்ளான அதிகாரியை விசாரிக்கும் முறையைச் சொல்லும்போது, இந்த அதிகாரியால் பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லலாம் என்று அந்தப் பகுதியில் முரசறைந்து தெரிவிக்கச் சொல்கிறார். ஒற்றர்களும் மேலதிகாரிகளும் போதாத இடம் ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த பல அரசுகள் அவருடைய ஒற்றர்களை எடுத்துக்கொண்டன, முரசை விட்டுவிட்டன.

கணக்கைப் பலர் முன் வைக்கச் சொன்னதற்குத் தமிழ் மண்ணில் பழைய, தெளிவான சான்று உத்திரமேரூரில் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி, அந்த ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டியது. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்கள் நிறையச் சொல்லிவிட்டன. 30 குடும்புகள், ஓலையில் எழுதிய பெயர்கள், குடத்தில் கையிடும் சிறுவன் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதவை கணக்கு பற்றிய விதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரமுடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் தடை. அண்மையில் மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. கணக்கு எழுதுபவர் தாம் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் தாமே காட்டி, குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்ட பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவருக்குப் பதிலாக வேறொரு கணக்கர் வந்து கணக்கை முடித்துவைக்கக் கூடாது. கணக்கைக் கணக்கரே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போகும் வசதி இங்கே அடைக்கப்பட்டுவிட்டது. எழுதியவன் தொழில் தெரியாதவர்களும் இருக்கும் சபையில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூரைப் பொற்காலமாகக் கொண்டாடுவோர் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். குடத்தில் பெயர் விழ கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தச் சபையில் இடமில்லை. ஆக, கணக்கர் பதில் சொன்னது நிலமுள்ள சமமானவர்களுக்கு மட்டும்தான். ஏரி வாரியம் மடை திறந்ததில் ஒரு கூலியாளுக்கு அநீதி நடந்திருந்தால் அதைக் கேட்க அந்த விதிகளில் வழியில்லை. கணக்கு யார் முன்னால் வைக்கப்படுகிறதோ அவர்களுடைய பணம்தான் காப்பாற்றப்படும் என்ற உண்மை இந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது இந்தச் சிக்கல் பலமடங்கு பெரிதாயிற்று. பாராமகாலில் 1792 முதல் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வளர்த்தெடுத்த இரயத்துவாரி முறை ஒரு வகையில் ஊழல் எதிர்ப்புத் திட்டமும்கூட. குத்தகைதாரர், பாளையக்காரர் என்ற இடைத்தட்டை நீக்கி, ஒவ்வொரு வயலையும் அளந்து, ஒவ்வொரு குடியானவனோடும் அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டால் நடுவில் பணம் ஒழுகாது என்பது எண்ணம். ஆனால் வயல்வாரியாகக் கணக்கு வேண்டுமென்றால் வயல்வாரியாகத் தெரிந்தவன் வேண்டும். அவன் கர்ணம்தான். இடைத்தரகனை நீக்கப் போன அரசு, இன்னும் நுட்பமான இடைத்தரகன் ஒருவனை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. 1802-ஆம் ஆண்டின் 29-ஆவது ரெகுலேஷன் கர்ணத்தின் கடமைகளை வரையறுத்து, பதவி அந்தக் குடும்பத்திலேயே இறங்கும் என்றும் ஏற்றுக்கொண்டது. ஆட்சிக்கு வந்தவனால் கணக்குத் தெரிந்தவனை மாற்ற முடியவில்லை. அவனுக்குச் சட்டத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தான்.

மாவட்டத் தலைநகரில் நிலைமை இன்னும் மோசம். கலெக்டர் இங்கிலீஷ்காரர், அவர் மாறிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கீழிருந்த தலைமை இந்திய ஊழியரான சிரஸ்தார் மாறமாட்டார். கச்சேரிகள் எனப்பட்ட அலுவலகங்கள் பலவற்றில் கணக்கு மராத்தியில், மோடி எழுத்தில் எழுதப்பட்டது. மராட்டிய ஆட்சிக் காலத்திலிருந்து வந்த அந்தத் தொடரெழுத்து வரி கட்டிய தமிழனுக்கும் புரியாது, தெலுங்கனுக்கும் புரியாது. கையெழுத்துப் போட்ட கலெக்டருக்கும் பெரும்பாலும் புரியாது. நிபுணத்துவம் இங்கே அறிவாக மட்டும் இருக்கவில்லை, வேலியாகவும் இருந்தது. கோயம்புத்தூரில் வில்லியம் காரோ கலெக்டராக இருந்தபோது கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி என்பவர் செய்த முறைகேடுகள் இதற்குப் பேர்போன உதாரணம். 1816-இல் அதை விசாரிக்க மன்றோவும் ஜான் சலிவனும் அமர்த்தப்பட்டார்கள். வருவாய்த் துறையில் கம்பெனிக்கு மன்றோவைவிடத் தேர்ந்த ஆள் கிடைத்திருக்க முடியாது. அவர்கள் கண்டது ஒரு தனி மனிதனின் திருட்டை விடப் பெரிது: கீழ்நிலை ஊழியர்கள் வரிசையாகக் கைகோத்திருந்தார்கள், மேலே இருந்தவர் அவர்களை முழுமையாக நம்பியிருந்தார். வரிசையில் ஒருவருக்கொருவர் மேற்பார்வையாளர் என்று ஏட்டில் இருந்தது. நடப்பில் எல்லோரும் ஒரே கூட்டாளிகள். தெலுங்கு நாட்டில் குண்டூரிலும் இதே கதைதான். 1840-களில் வால்டர் எலியட் அங்கே விசாரித்தபோது, கச்சேரியும் கிராமக் கர்ணங்களும் சேர்ந்து அரசின் வருவாயை உள்ளிருந்தே அரித்திருந்தது வெளிப்பட்டது.

இந்தக் கதைகளின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கர்ணங்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர்களுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம். அரசு நிர்ணயித்த தீர்வை பல இடங்களில் குடியானவனால் தாங்க முடியாத அளவுக்கு இருந்தது. கர்ணம் ஒரு வயலை மறைத்ததும், விளைச்சலைக் குறைத்து எழுதியதும் கம்பெனியின் கண்ணில் மோசடி. அந்த ஊரின் கண்ணில் பல சமயம் அது உயிர்ப்பிச்சை. ஆனால் அந்த இரக்கத்துக்கு விலை உண்டு. யாருடைய வயல் மறையும், யாருடையது மறையாது என்பது கர்ணத்தின் விருப்பம். பெரிய மிராசுதார் தப்புவார்; அவருடைய சுமையும் சேர்ந்து கேட்பாரற்றவன் தலையில் விழும். மன்றோ இதன் ஒரு பகுதியைப் புரிந்துகொண்டிருந்தார். இந்திய ஊழியர்களுக்கு நல்ல சம்பளமும் பொறுப்புள்ள பதவியும் கொடுக்காமல் நேர்மையை எதிர்பார்க்கக் கூடாது என்று 1824-ஆம் ஆண்டின் தம் குறிப்பில் அவர் வாதிட்டார். சரியான வாதம், ஆனால் அதுவும் மேலிருந்து கீழே பார்க்கும் வாதம்தான். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று குடியானவன் பார்க்க வேண்டும் என்பது அதன் மையத்தில் இல்லை.

குடியானவன் பேச முடிந்தபோது என்ன நடந்தது என்பதற்கு 1854–55 சித்திரவதைக் கமிஷன் சாட்சி. வரி வசூலிக்கத் தாசில்தாரின் ஆட்கள் கிட்டியை மாட்டி விரல்களை நெரிப்பதும், அண்ணாந்தாள் போட்டுக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவதும் ஊரறிந்த செய்தி. ஆனால் அரை நூற்றாண்டாக வருவாய் வாரியத்தின் பக்கம் பக்கமான நடவடிக்கைக் குறிப்புகளில் அது முறையான நடப்பாகப் பதிவாகவே இல்லை. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் நிறுவிய சென்னைவாசிகள் சங்கமும் மனுமேல் மனுவாக எழுதினார்கள். 1853-இல் வந்த பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமரை லட்சுமிநரசு செட்டி மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று காட்டினார். அதன்பின் லண்டனில் கேள்வி எழுந்து, ஈ.எஃப். எலியட் (வால்டர் எலியட் அல்லர்), ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவர் கொண்ட கமிஷன் அமைந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வரலாம், எழுதலாம் என்று அறிவித்த சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 2000 புகார்கள் குவிந்தன. அர்த்தசாஸ்திரத்தின் முரசு மறுபடி ஒலித்தது என்றே சொல்லலாம். திறமையான அதிகாரிகள் தலைமுறைக் கணக்கில் காணாததை, எழுதப் படிக்கத் தெரியாத பலர் தங்கள் உடம்பையே சான்றாகக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அதே கமிஷன் நிபுணர்களின் இன்னொரு வரம்பையும் காட்டியது. சாட்சி சொன்னது மக்கள். தீர்ப்பு எழுதியது அரசு தேர்ந்தெடுத்த மூவர். குற்றம் சுதேசி ஊழியர்களுடையது, ஐரோப்பிய அதிகாரிகள் இதை ஆதரிப்பதாக மக்களே நினைக்கவில்லை என்று அவர்கள் முடித்தார்கள். தாங்க முடியாத தீர்வையை விதித்ததும், வசூல் குறைந்தால் கேள்வி கேட்டதும், வசூல் வந்தால் எப்படி வந்தது என்று கேளாமல் விட்டதும் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. மூவரும் நேர்மையற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. நார்ட்டன் சென்னை அரசைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். ஆனாலும் தங்களை அமர்த்திய அமைப்பின் வேரை அவர்கள் அறிக்கை தொடவில்லை. ஊழலை விசாரிக்கும் நிபுணருக்கு உள்ள பெரிய ஆபத்து லஞ்சம்கூட அன்று; எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதை அவரை அமர்த்தியவரே முடிவு செய்துவிடுவதுதான்.

விடுதலைக்குப் பிறகு முதலில் உடைந்தது பிறப்புரிமை. 1895-ஆம் ஆண்டின் மதராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கே பதவி தருவது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று ஆந்திர வழக்கொன்றில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 1968-இல் பரம்பரை உரிமையையும், 1980-இல் பதவிகளையும் ஒழித்தது. இடையில், தஞ்சை மண்ணில் பிறந்த கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பணியை ஒட்டி 1964-இல் மத்திய விஜிலன்ஸ் கமிஷன் வந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறையும் தோன்றியது. தாமதமும், அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட அதிகாரமும் லஞ்சத்தை வளர்க்கின்றன என்று சந்தானம் குழு தெளிவாகவே எழுதியது. கர்ணத்தின் இடத்துக்குத் தேர்வெழுதி வந்தார் கிராம நிர்வாக அலுவலர். சாதிப் பரம்பரை போய்ப் போட்டித் தேர்வு வந்தது சிறிய மாற்றமல்ல. கணக்குப்பிள்ளை வேலை எந்த வீட்டுப் பிள்ளைக்கும், பெண்ணுக்கும் திறந்தது. ஆனால் பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபட்டார் என்ற செய்தி இன்றைக்கும் நாளிதழ்களில் ஓயவில்லை. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பதிவான பிழைகளை, ‘யு.டி.ஆர். தவறு’ என்று சொல்லி, பேரப்பிள்ளைகள் காலத்திலும் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆளை மாற்றினோம், தேர்வு வைத்தோம், மேலே ஒரு துறையையும் வைத்தோம். கணக்கு யாருக்குப் புரிய வேண்டும் என்ற கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது ராஜஸ்தான். சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1970-களில் அதை விட்டு விலகிய அருணா ராயும் தோழர்களும் ராஜ்சமந்த் மாவட்டத்து தேவ்டூங்ரியில் தங்கி, 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காதபோது அதிகாரிகள் காட்டிய காரணம் எப்போதும் ஏட்டில் இருந்தது. ஏடு எப்போதும் பூட்டுக்குள் இருந்தது. 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா கிராமத்தில் அவர்கள் கூட்டிய முதல் ஜன் சுன்வாயில் (மக்கள் விசாரணையில்) வருகைப் பதிவேடும் பில்களும் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கு என்பதெல்லாம் வாசித்த மாத்திரத்தில் கூட்டத்தாலேயே பிடிபட்டன. தணிக்கையாளர் கண்ணில் அந்தக் காகிதங்கள் ஒழுங்கானவை: கூட்டுத்தொகை சரி, கையெழுத்து உண்டு, ரசீது உண்டு. பொய் கூட்டலில் இல்லை, பெயரில் இருந்தது. அந்தப் பெயர்க்காரர் கூட்டத்தில் எழுந்து நின்றால்தான் அது தெரியும். 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா, பிறகு 2005-இல் தேசிய அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று அந்த வழி விரிந்தது. 1997-லேயே தமிழ்நாடு இப்படியொரு சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் விலக்குகளின் நீண்ட பட்டியல் அதைப் பல்லில்லாததாக்கிவிட்டது.

கணக்கை மக்கள் முன் வாசிக்கும் இந்த வழிக்கு மூன்று எதிர்வாதங்கள் உண்டு, மூன்றுமே வலுவானவை. கூட்டம் நீதிமன்றம் ஆகாது, பகைமைக்கும் சாதிக்கும் அது ஆட்படும் என்பது முதலாவது. உண்மைதான். தண்டனை கொடுப்பது கூட்டத்தின் வேலையாக இருக்கக் கூடாது. அதற்கு வழக்குமன்றமும் சாட்சியச் சட்டமும் வேண்டும். கூட்டத்தின் வேலை உண்மையைச் சொல்வது. உத்திரமேரூர் போல வலுத்தவர்கள் மட்டுமே உட்காரும் சபையாக அது சுருங்கினால் பயன் கெடும் என்பதும் சரி. அதற்கு மாற்று சபையை மூடுவதாக இருக்க முடியாது. கூலிக்காரரும் பெண்களும் பயமின்றி எழுந்து பேசும்படி அதை அகலப்படுத்துவதுதான். விசாரணைக்கு ரகசியம் தேவை என்பது இரண்டாவது. விசாரணை நடக்கும்வரை தேவைதான். செலவுக் கணக்குக்கு என்றுமே தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியே பல கோப்புகள் ஒளிக்கப்படுகின்றன.

மூன்றாவது வாதம்தான் கடினமானது. ஊராட்சிச் சாலைக் கணக்கை ஊரார் படிக்கலாம். அலைக்கற்றை ஒதுக்கீட்டை யார் படிப்பது? அங்கே நிபுணர் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. ஆகவேதான் அங்கே நிபுணரின் அறமும் கடுமையாக வேண்டும். 2010-இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2ஜி ஒதுக்கீட்டால் ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பை வெவ்வேறு முறைகளில் ரூ.57,666 கோடி முதல் ரூ.1,76,645 கோடி வரை மதிப்பிட்டது. இவை அனுமானத்தின்மேல் நின்ற மதிப்பீடுகள். நாட்டில் ஒலித்தது கடைசி எண் மட்டும்; அதுவும் யாரோ பெட்டியில் கட்டி எடுத்துப்போன பணம் போல ஒலித்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எல்லோரையும் விடுவித்தது, சி.பி.ஐ. மேல்முறையீட்டுக்குப் போனது. ஒதுக்கீட்டு முறை தவறு என்பதும், இன்னார் இவ்வளவு களவாடினார் என்பதும் தனித்தனிக் கூற்றுகள், தனித்தனிச் சான்று வேண்டுபவை என்பதை மக்களிடம் எடுத்துச் சொல்ல நிபுணர்கள் போதிய அளவு முன்வரவில்லை. அதனால் ஒரு சாரார் எண்ணை வேதமாக நம்பினார்கள். மறு சாரார் தணிக்கை என்பதையே பொய் என்றார்கள். இரண்டுமே ஊழலுக்கு வசதியான முடிவுகள்.

இந்த நீண்ட காலக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை, நிபுணர் வேண்டாம் என்பதாக இல்லை. மன்றோ போன்றோர் இல்லாவிட்டால் கோயம்புத்தூர் முறைகேடுகள் முழுதாக வெளிவந்திருக்காது. பதிவேட்டை எடுத்து வாசித்துக் காட்ட ஆளில்லாவிட்டால் கோட் கிரானாவில் கூட்டம் கலைந்துபோயிருக்கும். நிபுணரின் வேலை எங்கே முடிகிறது என்பதில்தான் இதுவரை தவறியிருக்கிறோம். கணக்கை ஆராய்ந்து மேலிடத்துக்கு முத்திரையிட்டு அனுப்புவதோடு அவர் கடமை தீர்ந்துவிடாது. அதில் பெயர் எழுதப்பட்டவருக்குப் புரியும் மொழியில் அதை வைக்க வேண்டும், தமக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டும், தம்மை அமர்த்தியவரைப் பற்றிய கேள்வியையும் கேட்க வேண்டும், தம் கணக்குக்குத் தாமே நின்று பதில் சொல்ல வேண்டும். இவற்றைச் செய்யாத நிபுணர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் புதிய கர்ணமாகவே முடிவார். குடிமக்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்றைக்கு வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் ஊர்க்கணக்கைப் பார்க்கலாம், கிராம சபையில் வரவு செலவைக் கேட்கலாம், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் கோரி விண்ணப்பிக்கலாம். அடுத்த கிராம சபையில் கணக்கை மேலோட்டமாக வாசித்துத் தீர்மானம் நிறைவேறியது என்று எழுதப் போகும்போது, ஒருவராவது எழுந்து அந்த ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள்.